தெர்மாமீட்டர் வாங்குபவர் முதலில் பனிக்கட்டி வாங்கட்டும்

இங்கிலாந்தின் மான்செஸ்டரை ஒட்டியிருக்கும் ஊர் சால்ஃபோர்டு. அங்கே பியர் ஆலை நடத்திய குடும்பத்தில் 1818இல் பிறந்தவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். பள்ளிப் பாடத்தில் ஆற்றலின் அலகாக வரும் ‘ஜூல்’ இவருடைய பெயர்தான். 1844இல் அவர் தம்முடைய தெர்மாமீட்டர் ஒன்றை உருகும் பனிக்கட்டிக்குள் செருகி, பாதரசம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்துவைத்தார். இரண்டு ஆண்டு கழித்து அதே தெர்மாமீட்டரை மறுபடி பனிக்கட்டியில் வைத்தார். பாதரசம் பழைய கோட்டில் நிற்கவில்லை, சற்று மேலே ஏறியிருந்தது. அதையும் எழுதிக்கொண்டார். பிறகு அதைச் சும்மா விடவில்லை. முதுமை வந்து உடல் தளர்ந்த பிறகும், 1882 வரை, 38 ஆண்டுகள் அதே தெர்மாமீட்டரை எடுத்தெடுத்துப் பார்த்தார். கடைசிக் கணக்கில் அது ஏறக்குறைய ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் பிசகியிருந்தது.

காரணம் கண்ணாடிதான். ஊதி உருவாக்கிய கண்ணாடிக் குமிழ் குளிர்ந்து இறுகிய பிறகும் பல ஆண்டுகளுக்கு மிக மெல்லச் சுருங்கிக்கொண்டிருக்கிறது. குமிழ் சுருங்கினால் உள்ளே இருக்கும் பாதரசம் மேலே தள்ளப்படும். பனிக்கட்டி அன்றும் இன்றும் ஒரே குளிர்ச்சியில்தான் உருகுகிறது. மாறியது கருவி.

வீட்டில் பியர் காய்ச்சப் புதிதாக இறங்குகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, ‘எந்தத் தெர்மாமீட்டர் வாங்கலாம்?’ என்பது. கடைக்காரர் விலைப்பட்டியலை நீட்டுவார். நண்பர் தம் கையில் இருக்கும் கருவியின் பெயரைச் சொல்வார். இருவருமே சொல்லாமல் விடுகிற ஒன்று உண்டு. வாங்கியதைச் சரிபார்க்காதவரின் கையில் விலை உயர்ந்த கருவியும் வெறும் எண் காட்டும் பெட்டிதான். சரிபார்த்து, பிசகு எவ்வளவு என்று தெரிந்துவைத்திருப்பவரின் கையில் மலிவான கருவியும் வேலை செய்யும். ஆகவே தேர்வின் முதல் அளவுகோல் விலையோ வேகமோ அல்ல. சொந்தச் சமையலறையில் அதைச் சோதித்துப் பார்க்க முடியுமா என்பதே.

ஒரு டிகிரி, இரண்டு டிகிரிக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். அதற்குப் பியர் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட். அதை நொறுக்கி வெந்நீரில் ஊறவைப்பது மாஷ். முளைக்கும்போது தானியத்துக்குள் உருவான நொதிகள் இந்த ஊறலில்தான் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்குகின்றன. அந்த இனிப்பு நீரை வடித்து, ஹாப்ஸ் பூ சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் சேர்த்தால் சில நாட்களில் பியர்.

ஊறலில் முக்கியமாக இரண்டு நொதிகள் வேலை செய்கின்றன. பீட்டா அமைலேஸ் என்பது 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் சுறுசுறுப்பாக இருக்கும். ஈஸ்ட் எளிதாக உண்ணக்கூடிய சர்க்கரையைத் தரும். வெப்பம் 68ஐத் தாண்டினால் அது வேகமாகச் செயலிழந்துவிடும். ஆல்ஃபா அமைலேஸ் இன்னும் கொஞ்சம் சூட்டைத் தாங்கும். ஏறக்குறைய 70இல் நன்றாக வேலை செய்யும். ஆனால் அது தருவதில் ஒரு பகுதியை ஈஸ்டால் உண்ண முடியாது. எனவே 63 டிகிரியில் ஊறிய மாஷிலிருந்து கிடைப்பது மெல்லிய, வறண்ட பியர். அதே மால்ட், அதே தண்ணீர், 70 டிகிரியில் ஊறினால் கனத்த, இனிப்பு மிஞ்சிய பியர். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஏழே டிகிரி. தெர்மாமீட்டர் மூன்று டிகிரி பிசகினால், நினைத்தது ஒன்று, கோப்பையில் வருவது வேறொன்று.

தெர்மாமீட்டர் இல்லாத காலத்திலும் பியர் இருந்ததே என்பது நியாயமான கேள்வி. அக்காலத்து ஆங்கிலேயர்கள் தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, ஆவி அடங்கும் வரை காத்திருப்பார்கள். குனிந்து பார்த்தால் நீரில் தங்கள் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். அப்போதுதான் மால்ட்டைக் கொட்டுவார்கள். பவேரியாவிலும் பொஹீமியாவிலும் வழி வேறு. ஊறலில் ஒரு பங்கைத் தனியே எடுத்துக் கொதிக்கவைத்து மறுபடி சேர்ப்பார்கள். பாத்திரத்தின் அளவும் எடுக்கும் பங்கும் மாறாதிருந்தால் மொத்தச் சூடும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும். கொதிநிலை என்ற இயற்கை அளவையும் விகிதத்தையும் கொண்டே வெப்பத்தைக் கணித்த அந்த அறிவு வியக்க வைக்கிறது. செக் நாட்டின் பில்சன் நகரில் காய்ச்சப்படும் பில்ஸ்னர் உர்க்கெல் பியருக்கு இன்றும் மூன்று முறை இப்படி எடுத்துக் கொதிக்கவைக்கிறார்கள்.

நம் வீடுகளிலும் இதே கைக்கணக்கு உண்டு. பாலை உறைக்கு ஊற்றும் அம்மா விரலை விட்டுப் பார்த்து, ‘கை பொறுக்கும் சூடு’ வந்ததும் மோர் விடுகிறார். தயிர் தப்புவதில்லை. ஆனால் அந்த விரலுக்குப் பின்னால் ஒரே அடுப்பு, ஒரே பாத்திரம், தினமும் ஒரு முறை என்று முப்பது வருடப் பழக்கம் இருக்கிறது. மாதம் ஒரு முறை, கடையில் வாங்கிய புதிய பாத்திரத்தில், ஒவ்வொரு தடவையும் வேறு செய்முறையில் காய்ச்சுபவருக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? தவிர, விரல் பொறுக்காத 66 டிகிரியில் நடக்கிற வேலை இது.

லண்டன் பியர்த் தொழிலுக்குள் தெர்மாமீட்டரை எழுத்தில் கொண்டுவந்தவர் மைக்கேல் கோம்ப்ரூன். அவரும் பியர் காய்ச்சியவரே. 1758இல் வெளிவந்த அவருடைய நூல் இத்தொழிலில் வெப்பமானியின் பயனை விரிவாகப் பேசியது. ஃபாரன்ஹீட் தம் பாதரச வெப்பமானியைச் செய்து அப்போது நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் தொழில் அதை உடனே ஏற்கவில்லை. ஹாம்ப்ஷயரின் ஆல்டன் ஊரில் ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்ற இளைஞர், தந்தையின் கண்ணில் படாமல் மறைத்து வைத்துத்தான் தெர்மாமீட்டரைப் பயன்படுத்த வேண்டியிருந்தது என்று சொல்லப்படுகிறது. கையின் மீது அவ்வளவு நம்பிக்கை அந்தத் தலைமுறைக்கு.

அடுத்த நூற்றாண்டில் காற்று திசை மாறியது. 1833இல் மியூனிக்கின் கேப்ரியல் செட்ல்மையரும் வியன்னாவை அடுத்த ஷ்வெகாட்டின் ஆன்டன் டிரெஹரும் பிரிட்டனின் பியர் ஆலைகளைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். உள்ளே துளையிட்டு அடியில் வால்வு வைத்த கைத்தடி ஒன்றைத் தொட்டியில் மெல்ல முக்கி, யாரும் அறியாமல் மாதிரி எடுத்துக்கொண்டு, விடுதி அறையில் அளந்து பார்த்தார்கள். பிற்காலத்தில் உலகம் முழுக்கப் பரவிய லாகர் பியரை வளர்த்தெடுத்தவர்களில் இந்த இருவருக்கும் முதன்மையான இடம் உண்டு. கண்டத்து ஆலைகளுக்கு அவர்கள் எடுத்துச்சென்ற பெரிய பாடம் கருவியால் அளந்து காய்ச்சுவது.

ஜூல் இந்தச் சூழலில் வளர்ந்தவர். பகலில் குடும்பத்தின் ஆலை வேலை, மற்ற நேரத்தில் ஆய்வு. கருவிக் கைவினைஞர் ஜான் பெஞ்சமின் டான்சர் அவருக்குச் செய்துகொடுத்த தெர்மாமீட்டர்களைக் கொண்டு ஒரு டிகிரி ஃபாரன்ஹீட்டின் இருநூறில் ஒரு பங்கைக்கூடப் படிக்க முடிந்தது. தண்ணீரைத் துடுப்பால் கலக்கினால் அது சூடேறும்; எவ்வளவு வேலைக்கு எவ்வளவு சூடு என்பதை அவர் அளந்து நிறுவினார். அவர் அளந்த வெப்ப ஏற்றம் மிக மிகச் சிறியது. அதனாலேயே அறிஞர்கள் பலர் முதலில் நம்பத் தயங்கினார்கள். இவ்வளவு சிறிய வித்தியாசத்தை நம்பித்தான் தம் வாதம் முழுவதும் நிற்கிறது என்று ஜூலுக்குத் தெரியும். அதனால்தான் பனிக்கட்டிக் கிண்ணத்தை அவர் விடவில்லை.

இனி, இன்றைய கடைக்குள் நுழையலாம். வீட்டில் பியர் காய்ச்சுவதற்கு உரிமம் வேண்டும் என்ற விதியைப் பிரிட்டன் 1963இல் நீக்கியது. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978இல் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம் என்பதையும் இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆகவே இங்கே பேசப்படுவது அனுமதி உள்ள நாடுகளின் சமையலறைகளைப் பற்றியது. அந்த நாடுகளின் கடைகளில் ஐந்தாறு வகைத் தெர்மாமீட்டர்கள் வரிசையாகத் தொங்குகின்றன.

முதலாவது, கண்ணாடிக் குழாய். இப்போது உள்ளே பாதரசத்துக்குப் பதில் பெரும்பாலும் சிவப்பு நிற ஆல்கஹால்தான். பேட்டரி வேண்டாம், மின்னணுப் பழுது வராது, நல்லதாக அமைந்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆனால் கெட்டியான ஊறலைத் துடுப்பால் கிளறும்போது கண்ணாடி உடைந்தால் ஐந்து கிலோ மால்ட்டையும் அப்படியே கொட்ட வேண்டியதுதான். எனவே கண்ணாடிக்கு உரிய இடம் ஊறல் பாத்திரம் அல்ல. மற்றக் கருவிகளை ஒப்பிட்டுப் பார்க்கிற மூத்த சாட்சியாக அலமாரியில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, பாத்திரத்தின் பக்கவாட்டில் திருகிப் பொருத்தும் வட்ட டயல். பார்க்க அழகாக, ஆலையில் இருப்பதுபோல் கம்பீரமாக இருக்கும். உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிச் சுருட்டிய பட்டை இருக்கிறது; சூட்டில் இரண்டும் வெவ்வேறு அளவு விரிவதால் முள் நகர்கிறது. குறை என்னவென்றால், அது பாத்திரச் சுவரை ஒட்டிய ஓர் இடத்தின் சூட்டை மட்டுமே அறியும். ஊறலின் நடுவிலும் ஓரத்திலும் சில டிகிரி வேறுபாடு இருப்பது சாதாரணம். கிளறாமல் டயலை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். அதன் முதுகில் முள்ளைச் சரிசெய்யும் சிறு திருகு இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் அது பாத்திரத்துக்கு அலங்காரம் மட்டுமே.

மூன்றாவது, துப்பாக்கி போலப் பிடித்துச் சுடும் அகச்சிவப்புக் கருவி. இதை ஊறலுக்கு வாங்கவே வேண்டாம். அது மேற்பரப்பை மட்டும் பார்க்கிறது; ஆவி பறக்கும் மேற்பரப்போ உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்திருக்கும். பளபளக்கும் எவர்சில்வரின் மீது பிடித்தால் எதிரொளிப்பால் இன்னும் தவறான எண் வரும்.

நான்காவது, குத்திப் பார்க்கும் டிஜிட்டல் கருவி. வீட்டுக்குப் பொருத்தமானது இதுதான். இதிலும் இரண்டு குலங்கள் உண்டு. தெர்மோகப்பிள் வகை மிக வேகமானது, இரண்டு மூன்று நொடியில் எண் நிலைக்கும். ஆனால் வேகம் வேறு, துல்லியம் வேறு. கே வகை என்று சொல்லப்படும் சாதாரணத் தெர்மோகப்பிளுக்கு அமெரிக்கத் தரவிதியே 2.2 டிகிரி வரை பிசகை அனுமதிக்கிறது. தயாரிப்பாளர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சரிசெய்து, அதற்குச் சான்றிதழும் தந்தால் மட்டுமே கூடுதல் விலை நியாயம். தெர்மிஸ்டர் வகை சற்று மெதுவானது, ஆனால் ஊறல் நடக்கும் வெப்பங்களில் பொதுவாக அரை டிகிரிக்கு அருகில் நிற்கும். ஊறல் ஒரு மணி நேரம் ஆகிற வேலை. பத்து நொடி காத்திருப்பதால் எதுவும் கெட்டுவிடாது.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ‘0.1 டிகிரி’ என்று அச்சிடும் வழக்கத்தையும் இங்கே கண்டிக்க வேண்டும். திரை பத்தில் ஒரு டிகிரி வரை காட்டும் என்பதுதான் அதன் பொருள். காட்டுகிற எண் உண்மையா என்பதற்கு வேறொரு எண் உண்டு. அது பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் ‘±1’ என்று ஒளிந்திருக்கும். அப்படியானால் திரையில் 66.3 என்று வந்தால் உண்மை 65.3ஆகவும் இருக்கலாம், 67.3ஆகவும் இருக்கலாம். பியர் காய்ச்சுபவர்களுக்கென்றே விற்கும் கருவியில், 65 டிகிரிக்கு அருகில் பிசகு எவ்வளவு என்பதை முகப்பிலேயே அச்சிட வேண்டும். இது தயாரிப்பாளருக்குச் செலவு வைக்கும் கோரிக்கை அல்ல.

இப்போது சமையலறைக்குள் போகலாம். உயரமான டம்ளர் ஒன்றை எடுத்து, நொறுக்கிய பனிக்கட்டியை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். இடைவெளி அடையும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர். நீர் அதிகமாகி, கட்டிகள் மேலே மிதந்தால் அடியில் நான்கு டிகிரிகூட இருக்கும். அது சோதனை ஆகாது. நன்றாகக் கிளறி இரண்டு நிமிடம் விட்டு, கம்பியின் முனை அடியையோ சுவரையோ தொடாதபடி நடுவில் பிடிக்க வேண்டும். எண் இறங்கி நிற்கும் இடம் 0.0 என்றால் நல்லது, 0.8 என்றால் அதுதான் அந்தக் கருவியின் பிசகு. முழு வேலைக்கும் ஐந்து நிமிடம் போதும்.

அடுத்தது கொதிநீர். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். தண்ணீர் எல்லா இடத்திலும் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை குறையும். அமெரிக்காவில் வீட்டில் பியர் காய்ச்சுபவர்களின் சங்கம் 1978இல் தொடங்கப்பட்ட இடமே கொலராடோவின் போல்டர் நகரம். அது கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 டிகிரிக்கும் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். இது தெரியாதவர் நல்ல கருவியை ஐந்து டிகிரி தவறு என்று முடிவுகட்டிக் குப்பையில் போடுவார். ஊட்டியில் பருப்பு வேக நேரம் பிடிப்பதும் இதே காரணத்தால்தான்.

பனிக்கட்டியும் கொதிநீரும் இரண்டு ஓரங்கள். வேலை நடப்பதோ நடுவில். அதற்கு மூன்றாவதாக ஒரு வழி உண்டு. வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்குமே, அது 37, 38 டிகிரியில் பொதுவாக 0.1 டிகிரிக்குள் சரியாக இருக்கும்படி செய்யப்பட்டது. ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் இரண்டையும் ஒன்றாக வைத்து ஒப்பிடலாம். 65 டிகிரிக்கு நண்பர்களின் கருவிகளே துணை. பியர் சங்கங்கள் மாதந்தோறும் கூடுகின்றன. ஒரு கூட்டத்தில் எல்லோரும் தத்தம் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து ஒரே வெந்நீர் வாளியில் முக்கிப் பார்த்தால், தனித்து விலகி நிற்பது எது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

காய்ச்சும் நாளில் இதெல்லாம் எப்படிக் கைகொடுக்கிறது? 23 லிட்டர் பியருக்கு ஐந்து கிலோ மால்ட் என்று வைத்துக்கொள்வோம். மால்ட் அறையின் சூட்டில், 20 டிகிரியில் இருக்கிறது. பதின்மூன்றரை லிட்டர் தண்ணீரை 73 டிகிரிக்குச் சூடாக்கி, மால்ட்டைக் கொட்டிக் கட்டி தட்டாமல் கிளறினால், ஊறல் 66க்கு வந்து நிற்கும். நடுவில் ஒரு தடவை, ஓரத்தில் ஒரு தடவை, ஆழத்தில் ஒரு தடவை என்று மூன்று இடத்தில் குத்திப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒத்துவரும் வரை கிளற வேண்டும். அப்போது கவனம் தேவைப்படுவது கம்பியும் வயரும் சேரும் இடத்தில். அந்த மூட்டு வரை உள்ளே விட்டால் ஈரம் இழையோடி ஏறி, எண்கள் கண்டபடி தாவும். டிஜிட்டல் கருவிகள் பல இப்படித்தான் ஆயுளுக்கு முன்பே சாகின்றன.

ஈஸ்ட் சேர்த்த பிறகு தெர்மாமீட்டரை உறைக்குள் போட்டுவிடுபவர்கள் அதிகம். பியரின் மணம் உருவாவதே அதன் பிறகுதான். ஏல் வகை ஈஸ்டுக்கு 18 முதல் 22 டிகிரி, லாகருக்கு 8 முதல் 13. அதற்கு மேல் போனால் பழவாடை தூக்கலாகி, குடித்தால் தலைபாரம் தரும் கனமான ஆல்கஹால்கள் சேரும். 1553இல் பவேரியாவில் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பியர் காய்ச்சவே தடை விதித்தார்கள். கோடையில் புளித்த பியர் கெடுவதை அனுபவத்தில் கண்டிருந்தார்கள். இதற்கு விலக்கும் உண்டு. மேற்கு நார்வேப் பண்ணைகளில் வழிவழியாகக் காத்துவந்த க்வெய்க் ஈஸ்ட் 30 முதல் 40 டிகிரியிலும் நல்ல பியர் தருகிறது.

புளிக்கும்போது ஈஸ்டே சூட்டை வெளிவிடுவதால், அறை 20 டிகிரி என்றால் பாத்திரத்தின் உள்ளே சில டிகிரி கூடுதலாக இருக்கும். சுவரில் தொங்கும் தெர்மாமீட்டர் அதைச் சொல்லாது. வெப்பம் உணரும் முனையைப் பாத்திரத்தின் வெளிச்சுவரில் ஒட்டி, மேலே தடித்த துணியோ பஞ்சோ வைத்து மூடினால் உள்ளே இருக்கும் சூட்டுக்கு அருகில் எண் கிடைக்கும். பாத்திரத்தில் ஒட்டும் நிறம் மாறும் பட்டையும் இதற்குப் போதுமானது, விலையும் அற்பம்.

ஆகவே புதிதாகத் தொடங்குபவரின் பட்டியல் சின்னது. சான்றிதழ் உள்ள அல்லது சரிசெய்யும் வசதி உள்ள டிஜிட்டல் குத்துக்கம்பி ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கண்ணாடி. புளிக்கும் பாத்திரத்துக்கு ஒரு பட்டை. விற்பவர்கள் பெட்டிக்குள் ஒரு துண்டுத்தாளில் பனிக்கட்டிச் சோதனையை நான்கு வரியில் எழுதி வைக்க வேண்டும். வாங்குபவர்கள் அது இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஜூலின் கல்லறை மான்செஸ்டரை அடுத்த சேல் நகரில் இருக்கிறது. கல்லின் உச்சியில் 772.55 என்ற எண்ணைப் பொறித்திருக்கிறார்கள். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்க எத்தனை அடி-பவுண்டு வேலை தேவை என்று 1878இல் அவர் அளந்து கண்ட எண் அது. வீட்டில் காய்ச்சுபவர் எழுதிவைக்க வேண்டிய எண் இதைவிட எளியது. தெர்மாமீட்டரின் கைப்பிடியில் ஒரு துண்டு காகித டேப்பை ஒட்டி, பனிக்கட்டியில் கண்ட பிசகையும் அன்றைய தேதியையும் பேனாவால் குறித்தால் போதும்: ‘+0.8, மார்ச் 2’. ஆறு மாதம் கழித்து அந்த டேப்பை உரித்துவிட்டு மறுபடி ஒரு டம்ளர் பனிக்கட்டி.